ஒற்றைக் கண்ணும் ஒரு பாட்டில் அருவித் தண்ணீரும்

கருவி பொய் சொல்லாது. முதலிலேயே இதைச் சொல்லி வைத்துவிடுகிறேன். ஓய்வு பெற்றவள் ஒருத்தி பேச எழுந்தாலே, "எங்கள் காலத்தில் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்தோமாக்கும்" என்று ஆரம்பித்துவிடுவாளோ என்று நீங்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் அந்த ரகம் இல்லை. தென்காசியில் நான் பார்த்த கண் ஆஸ்பத்திரி லேபுக்கு சீக்வென்சிங் கருவி வந்தே ஆக வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவளே நான்தான். "இந்த ஊருக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார்கள். "கண்ணுக்குள்ள போற கிருமி ஊர் பேரைக் கேட்டுட்டா போகுது?" என்று திருப்பிக் கேட்டேன். கருவி வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னப் பெட்டி. அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு சண்டை?" என்றார்கள். எனக்கு வேலை கிடந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவிழியில் புண் வந்தால் அதிலிருந்து துளியூண்டு சுரண்டி எடுப்போம். முன்பெல்லாம் அதில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, அது முளைத்து வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்போம். எத்தனையோ கிருமிகள் முளைக்கவே முளைக்காது. இந்தக் கருவிக்கு எதையும் வளர்க்க வேண்டியதில்லை. சுரண்டலில் எந்தெந்த உயிரின் மரபணு கிடக்கிறதோ அதையெல்லாம் படித்து, அதிகம் கிடைத்தது மேலே, குறைவாகக் கிடைத்தது கீழே என்று வரிசையாகப் பெயர் போட்டுக் கொடுத்துவிடும். சுந்தரபாண்டியபுரத்தில் காய்ந்த சூரியகாந்தித் தண்டு குத்தி, கண் பழுத்துப்போய் ஒருவர் வந்தார். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. கருவி பெயரைச் சொன்னது, மருந்தை மாற்றினோம், இப்போது அவர் டிராக்டர் ஓட்டுகிறார். ஆகையால் கருவியை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

குறை நாம் படிக்கிற விதத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பரீட்சை ரிசல்ட் வந்தால் என்ன செய்வோம்? முதல் ரேங்க் யார் என்று பார்ப்போம். அந்தப் பிள்ளையின் போட்டோவை பள்ளிக்கூட வாசலில் பேனர் அடித்து வைப்போம். கடைசியில் நின்றவன் பெயர் யாருக்காவது தெரியுமா? இப்படியே வளர்ந்து, படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, கருவி கொடுக்கிற ரிப்போர்ட்டையும் அதே கண்ணோடு பார்க்கிறோம். மேலே யார் இருக்கிறானோ அவன்தான் ஆள். மற்றவன் எல்லாம் சும்மா. அந்தப் புத்தி ஒரு மனிதரின் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண்தான்.

அவர் பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். குற்றாலத்துக்கு வந்துபோன யாருக்கும் அவர்களைத் தெரியும். இடுப்பில் துண்டு, கையில் எண்ணெய்க் கிண்ணம், தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் ஊரில் கொண்டுவந்த வலி எல்லாம் ஓடிவிடும். சீசன் தொடங்கினால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவருக்கு அருவிக்கரையில்தான் பிழைப்பு. தலையெல்லாம் சாரல், முகமெல்லாம் ஈரம். இடது கண் சின்ன வயதில் கிட்டிப்புள் விளையாட்டில் போய்விட்டது. வலது கண்ணை வைத்துத்தான் வழுக்குப் பாறையில் காலை ஊன்றி நின்று குடும்பத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில்தான் புண்.

எங்களிடம் வரும்போதே பார்வை போய்விட்டது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் என்னவோ நிழல் ஆடுகிறது என்று சொல்லுவார், அவ்வளவுதான். அவர் மனைவி பேச்சியம்மாள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுடலைமுத்துவைப் பார்த்தால் பயந்த மாதிரியே தெரியாது. "டாக்டருமாரே, சீக்கிரம் பாத்து அனுப்புங்க. ஆளுவ வந்து குமிஞ்சிருக்கு, அருவில தண்ணி வெளுத்து வாங்குது" என்று வார்டையே கலகலப்பாக்கிவிட்டார். பேச்சியம்மாள் மட்டும் வராந்தாவில் போய் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுவாள்.

முதல் சுரண்டலை நான்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சேமியாவை இறைத்தாற்போல் நீள நீளமாக நூல்கள். பூஞ்சை என்று எழுதினோம். அந்த நூலைப் பார்த்தால் எந்த ஊரிலும் அதைத்தான் எழுதுவார்கள். எங்கள் கருவிழி டாக்டர் பூஞ்சைக்கான சொட்டு மருந்தைத் தொடங்கினார். கெட்டிக்காரர், கை சுத்தம், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். மருந்து நேரம் தவறாமல் போயிற்று. புண்ணோ அதன் பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. சரி, சீக்வென்சிங்குக்குக் கொடுப்போம் என்று புண்ணின் ஓரத்திலிருந்து மறுபடி கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்பினார்.

லேபில் கருவியை ஓட்டியது ஷர்மிளா. வேகமான பெண், மூளை கூர்மை. ரிப்போர்ட் வந்ததும் என் அறைக்கு ஓடியே வந்தாள். "மேடம், அமீபா! மேல நிக்குது பாருங்க, பக்கத்துல வேற எவனும் வர முடியல!"

கருவிழி டாக்டருக்கு அப்பாடா என்று இருந்தது. "நாள் முழுக்க அருவியில நிக்கிற மனுஷன். வேற என்ன இருக்கும்? பூஞ்சையும் இருக்கு, அமீபாவும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து தின்னுது. அமீபா மருந்தை இப்பவே ஆரம்பிக்கேன். நாளைக்குள்ள நிக்கலன்னா கருவிழிய வெட்டி எடுத்துட்டு வேற கருவிழி வச்சிருவோம்."

கேட்பதற்கு எல்லாம் பொருந்தித்தான் வந்தது. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். கதை அழகாகப் பொருந்திவிட்டால் நாம் மேலே தேடுவதை நிறுத்திவிடுவோம். அந்த அறுவை சிகிச்சையையும் யோசித்துப் பாருங்கள். கிருமி யார் என்று தெரியாமல், அது கொதித்துக்கொண்டிருக்கும்போது தானம் வந்த கருவிழியை வைத்துத் தைத்தால், புதியதையும் அதுவே தின்னும். இரண்டு கண் இருக்கிறவருக்கே அது கடைசி வழி. இவருக்கு அது தவறினால் அதற்கப்புறம் இருட்டுதான், வேறு ஒன்றும் கிடையாது.

நான் ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தேன். அமீபா. அதன் கீழே தண்ணீரிலும் தோலிலும் சாதாரணமாகக் கிடக்கிற பாக்டீரியாக்களின் ஊர்வலம். பூஞ்சை ஒன்றுகூட இல்லை. அடியில், ஷர்மிளா பேனாவால் கோடு போட்டு அடித்திருந்த இடத்தில், பித்தியம் என்று ஒரு பெயர்.

பித்தியத்தைப் பற்றித் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் பூஞ்சை. நூல் விடும், கிளை விடும், நம்மை ஏமாற்றும். ஆனால் பூஞ்சை இல்லை, தண்ணீர்ப் பாசியின் சொந்தக்காரன். பூஞ்சை மருந்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் அதற்கு உறைக்காது. பாக்டீரியாவுக்கு என்று இருக்கிற இரண்டு மருந்துகளுக்குத்தான் கொஞ்சம் கட்டுப்படும், அதுவும் சீக்கிரம் தொடங்கினால்.

"இதை ஏன் அடிச்ச?" என்று கேட்டேன்.

"அது தண்ணில கெடக்கிறது மேடம். அருவில நிக்கிறவர்லா. வெளியில இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு அடிச்சிட்டேன்."

"அப்ப அமீபா எங்க கெடக்கும்? பரண்லயா?"

ஒரே தண்ணீரில் கிடக்கிற இரண்டு பேர். மேலே வந்தவன் குற்றவாளி, கீழே வந்தவன் வழிப்போக்கன் என்றால் அது என்ன நியாயம்? ஒன்று இரண்டு பேரையும் சந்தேகப்பட வேண்டும், இல்லை இரண்டு பேரையும் விட வேண்டும். அப்புறம் அந்த நூல். அமீபா நூல் விடாது. நான் என் கண்ணால் பார்த்த சேமியாவுக்கு யார் சொந்தக்காரன்?

"பூஞ்சை மேடம். அதோட தோல் கெட்டி. உடைச்சு மரபணுவ வெளிய எடுக்க முடியாமப் போயிருக்கலாம். அதனால ரிப்போர்ட்ல வரலை" என்றாள். நல்ல பதில். அப்படி நடப்பது உண்டு. பதில் சொல்லத் தெரிந்தவர்களோடு வேலை பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் பூஞ்சைதான் என்றால் இத்தனை மருந்துக்குக் கொஞ்சமாவது அசைந்து கொடுத்திருக்க வேண்டுமே.

வா, ஆளைப் போய்ப் பார்ப்போம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு கீழே வார்டுக்கு இறங்கினேன். லேபில் இருக்கிறவர்கள் வார்டுக்குப் போவதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். போகட்டும். டப்பாவில் வருவது ஒரு சுரண்டல். அது எங்கே இருந்து, எப்படி, எதைத் தொட்டுக்கொண்டு வந்தது என்று டப்பா சொல்லாது.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. வார்டில் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். சுடலைமுத்து மட்டும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்த்தேன். இமை முடியெல்லாம் நனைந்து ஒட்டிக் கிடந்தது. தோளில் கிடந்த துண்டு ஈரம்.

"என்ன அண்ணாச்சி, மொகம் கழுவினீயளா?"

"இல்லம்மா. தண்ணி படக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்காவள்ளா."

"அப்ப இமையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"வேர்வைம்மா."

"ஊரே போர்வைக்குள்ள நடுங்குது. உங்களுக்கு மட்டும் எங்க இருந்து வேர்க்கு?"

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, டாக்டரம்மாட்ட எதுக்குப் பொய் சொல்லுதீய? யம்மா, நான் சொல்லுதேன். ஐந்தருவித் தண்ணி. தெனமும் காலைல நான்தான் பாட்டில்ல புடிச்சிட்டு வருதேன். அதுலதான் கண்ண அலசுதாவ." கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"கண்ணுல வேற எதாவது மருந்து விட்டீயளான்னு எத்தன தடவ கேட்டோம்? இல்லன்னுதான சொன்னீய?"

சுடலைமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மருந்தா? அது தண்ணிலா! மருந்து விட்டியான்னு கேட்டா இல்லன்னுதான சொல்ல முடியும்? மலையில மூலிகைய எல்லாம் தொட்டுட்டு எறங்குத தண்ணிம்மா அது. எங்கெங்க இருந்தோ கார் போட்டு வந்து அதுல தலையக் குடுக்கான். அங்கனயே கெடக்குத எனக்கு மட்டும் ஆவாதாக்கும்?"

"சுரண்டி எடுத்தாவள்ளா, அன்னைக்குமா அலசினீய?"

"பின்ன? டாக்டரு தொடப்போற கண்ணு. பீளையும் ஊத்தையுமாவா கொண்டுபோயிக் காட்டுவேன்? நல்லா ரெண்டு கை அள்ளி அலசிட்டுத்தான் போனேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா."

ஷர்மிளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். சிரித்து முடித்துப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். எங்களை மதித்து அவர் கழுவிக்கொண்டு வந்த தண்ணீரைத்தான் நாங்கள் சுரண்டி எடுத்து, படித்து, மேலே இருக்கிற பெயரைப் பார்த்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தோமோ?

இதை உங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் பொய் சொன்னது நனைந்த இமைக்கு மட்டும்தான். மருந்து விட்டீர்களா என்று கேட்டதற்கு அவர் உண்மையைத்தான் சொன்னார். தப்பாகக் கேட்டது நாம். நம் பக்கத்தில் அருவித் தண்ணீரை யாரும் மருந்துக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள், அழுக்குக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள். "கண்ணை எதில் கழுவினீர்கள், எப்போது கழுவினீர்கள்?" என்று கேளுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, அருவித் தண்ணீர், எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

கருவிழி டாக்டரிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னொரு தடவ ஆழமாச் சுரண்டணும்ங்கீங்களா? முடியாது. கருவிழி அப்பளம் மாதிரி மெலிஞ்சு நிக்குது. கத்தி பட்டா ஓட்டை விழுந்துரும். அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

"கண்ண விட்டுருங்க. பாட்டில ஓட்டிப் பாப்போம்" என்றேன்.

"பாட்டிலையா?"

"ஆமா. அந்தத் தண்ணிய அப்படியே கருவில ஓட்டுவோம். கண்ணுலயும் இருக்கு, பாட்டில்லயும் இருக்குன்னா அது அலசும்போது வந்தது. கண்ணுல மட்டும் இருக்கிறவன் எவனோ அவன்தான் குடியிருக்கான். சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும். அதுவரைக்கும் அமீபா மருந்து வேண்டாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுஷனுக்கு இருக்கிறதே ஒரு கண்ணு மேடம். நீங்க பாட்டிலை ஓட்டிக்கிட்டு இருக்கும்போது அது போச்சுன்னா பதில் யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்" என்றேன். பாட்டிலோடு மேலே லேபுக்கு ஏறினேன். பயப்படாதவள் இல்லை நான். பயந்துகொண்டே கணக்கைச் சரியாகப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஷர்மிளா அன்றைக்கு வேலை பார்த்த மாதிரி யாரும் பார்த்து நான் கண்டதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தண்ணீரை வடிகட்டினாள், மரபணுவைப் பிரித்தாள், கருவியில் ஏற்றினாள், திரையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் டீ வருகிற நேரத்துக்கு ரிப்போர்ட் விழுந்தது. அமீபா இருந்தது, அங்கேயும் ஜம்மென்று மேலேயே இருந்தது. கண்ணில் பார்த்த அதே பாக்டீரியா ஊர்வலமும் இருந்தது. பித்தியம் இல்லை. மேலிருந்து கீழ்வரை நான் படித்தேன், அவள் படித்தாள், மாற்றி மாற்றிப் படித்தோம். இல்லை.

"கண்ணுல மட்டும் இருக்கான் மேடம்" என்றாள் ஷர்மிளா.

அவசரப்படாதீர்கள், நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஒரு பாட்டிலில் இல்லை என்றால் அருவியிலேயே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. என்றைக்கோ ஒரு நாள் அந்த அருவிக்கரையில்தான் அது அவர் கண்ணில் ஏறியிருக்கும். தினமும் பாட்டில் தண்ணீர் ஒன்றுபோல இருக்கும் என்றும் இல்லை. அதனால்தான் நான் பாட்டிலை மட்டும் நம்பவில்லை. நூல் இருக்கிறது, பூஞ்சை மருந்துக்கு அசையவில்லை, கண்ணில் பெயர் இருக்கிறது, பாட்டிலில் இல்லை. நாலும் ஒரே ஆளைத்தான் கைகாட்டின. புண்ணின் ஓரத்தில் மருந்து அப்பிக் கிடந்த இடத்தில் மேலாகச் சுரண்டியதால்தான் கண்ணிலும் அது அவ்வளவு கொஞ்சமாக வந்திருக்கிறது.

மறுபடி கருவிழி டாக்டர். ரிப்போர்ட் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "நீங்க சொல்லுறது தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். நம் தொழிலில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

"பித்தியத்துக்கு மருந்து குடுத்துத் தப்பாப் போச்சுன்னா, நாளைக்கோ நாளன்னைக்கோ மருந்த மாத்திக்கிடலாம். அந்த ரெண்டு மருந்தும் கண்ணக் கெடுக்காது. கருவிழிய வெட்டித் தப்பாப் போச்சுன்னா, எதை மாத்துவீங்க?"

இரண்டு ரிப்போர்ட்டையும் மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஆபரேஷன ரத்து பண்ணல. தள்ளி வைக்கேன்" என்றார். அது போதும் எனக்கு. அன்றைக்கே பூஞ்சை மருந்தை நிறுத்தி, புது மருந்தைத் தொடங்கினோம். பாட்டிலைப் பறிமுதல் செய்தாயிற்று. "யம்மா, ஒரு வா குடிக்கவாவது குடுங்களேன்" என்றார் சுடலைமுத்து. பேச்சியம்மாள், "சும்மா கெடங்க, போதும்" என்று அதட்டினாள்.

சினிமாவாக இருந்தால் மறுநாள் காலை கண் தெளிந்திருக்கும். எங்களுக்கு மறுநாள் காலை கண் முன்னைவிடச் சிவந்திருந்தது. வலி என்று முனகினார். வந்த அன்றைக்கு வார்டையே சிரிக்க வைத்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கருவிழி டாக்டர் எனக்கு ஆள் அனுப்பினார். ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டுக்கொண்டேதான் படி இறங்கினேன்.

"பாருங்க" என்றார்.

"சிவப்பைப் பாக்காதீங்க. புது மருந்து எரியத்தான் செய்யும், கண்ணு சிவக்கத்தான் செய்யும். ஓரத்தைப் பாருங்க" என்றேன். முந்தின நாள் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புண்ணின் ஓரத்தை இம்மி இம்மியாக ஒப்பிட்டோம். அதுவரைக்கும் ஒவ்வொரு காலையிலும் வெளியே பரவிக்கொண்டிருந்த ஓரம், அன்றைக்குப் பரவவில்லை. நின்ற இடத்தில் நின்றிருந்தது. சுருங்கவில்லை, நின்றிருந்தது, அவ்வளவுதான். கருவிழி டாக்டர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லாம்ப்பிலிருந்து முகத்தை எடுக்காமலேயே, "அறையை வேற கேஸுக்குக் குடுத்துருங்க" என்று நர்சிடம் சொன்னார். ஆளை ஏன் மதிக்கிறேன் என்றால் இதற்காகத்தான். தன் கோபத்தைவிடக் கண்ணை நம்புகிறவர்.

வராந்தாவில் பேச்சியம்மாள் என்னை மறித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, மறைக்காமச் சொல்லுங்க. கண்ணு கெடைக்குமா? இவிய சிரிச்சிக்கிட்டே கெடப்பாவ, உள்ளுக்குள்ள கெதக்கு கெதக்குன்னு இருக்கு. ராத்திரில என் மொகத்தத் தடவிப் பாக்காவ. 'ஏட்டி, இனிமே இப்பிடித்தான் பாக்கணும் போல'ங்காவ."

அந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது, கைகழுவவும் கூடாது. "எழுதிக் குடுக்க முடியாதும்மா. ஆனா கண்ணுக்குள்ள இருக்கிறவன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம். அவன் அடங்குதான். நீ போயி ஒரு வா காப்பி குடி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அடங்கத்தான் செய்தான். மெதுவாக, எங்கள் பொறுமையை எல்லாம் சோதித்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே சுருங்கினான். நடுவில் ஒரு தடவை எல்லாம் முன்னேறுவதை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது, மருந்தின் அளவைக் கூட்டினோம். கருவிழி தடித்து வந்தது. அந்த அப்பளம் ஓட்டை விழாமல் தப்பியது. புண் ஆறிய இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. நல்ல காலம், தழும்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, மறு பக்கம் தெளிவாக விட்டிருந்தது. ஷர்மிளா அதற்கப்புறம் பட்டியலில் எந்தப் பெயரையும் பேனாவால் அடிக்கிறதில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, யாரைக் கேட்க வேண்டுமோ அவரைப் போய்க் கேட்கிறாள்.

சீசன் முடிந்து அருவிக்கரை காற்றாடிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தார். இந்தத் தடவை பேச்சியம்மாள் கையைப் பிடிக்கவில்லை, பின்னால் நடந்து வந்தாள். நான் அப்போது ஏதோ ரிப்போர்ட்டோடு புற நோயாளிகள் பகுதியைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். "ஷர்மிளா, அந்த டப்பா வந்தாச்சா?" என்று சத்தம் கொடுத்தேன்.

"அந்தக் கொரல்! டாக்டரம்மா!" என்று எழுந்து நின்றுவிட்டார். குரல் வந்த பக்கம் திரும்பி, தழும்பை ஒதுக்கித் தெளிந்த பக்கத்தால் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்தார். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் நான் அவருக்கு வெறும் குரல்தான். அப்போதுதான் அது எனக்கே உறைத்தது.

அவர் என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். முகம் ஏமாந்து போனது.

"ஏ அம்மா, இத்துனூண்டா இருக்கீய! போட்ட சத்தத்துக்கு ஆறடி ஆளா இருப்பீயன்னுலா நெனச்சேன்!"

பேச்சியம்மாள் அவர் முதுகில் ஒன்று போட்டாள். "டாக்டரம்மாவ அப்பிடியா சொல்லுவாவ, வெவஸ்தகெட்டு!"

என்னைக் குட்டை என்று சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு மட்டும், "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நின்று அழுதேன்.